ஏற்றின பிக்கப்புக்கு அலைன்மென்ட்: காஸ்டரையும் கேளுங்கள்

உயரம் ஏற்றின பிக்கப்பை வீல் அலைன்மென்டுக்குக் கொண்டுபோனால், நம் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். "இது நம்ம மெஷின்ல வராதுண்ணே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் உள்ளே ஏற்றி, டை ராடை மட்டும் கொஞ்சம் திருகி, ஸ்டியரிங்கை நேராக்கி, பத்து நிமிடத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். திருப்பி அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. இரண்டாவது வகைதான் ஆபத்து. வேலை முடிந்துவிட்டது என்று நம்பி, அதே வண்டியில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு விழுப்புரம் நாலுவழிச் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போவோம்.

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கம் பிக்கப் வைத்திருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை ஏற்றுவதற்கு நம் ஆட்களிடம் காரணம் இல்லாமல் இல்லை. பாகூர் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டிலிருந்து வயலுக்குப் போகிற வழி பாதி தார் ரோடு, பாதி வாய்க்கால் கரை. மழைக்காலத்தில் டிராக்டர் போன தடத்தில் சாதாரண வண்டியின் வயிறு தட்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. உயரமான வண்டிக்கு என்ன மதிப்பு என்று அந்த வாரம் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு வண்டியை ஏற்றினவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஏற்றின பிறகு செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஓட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏற்றுவதில் இங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, சரக்கு வண்டி. கரும்பு, சவுக்கு, தேங்காய், செங்கல் அடிக்கிறவர்கள் பின்னால் ஸ்பிரிங் கட்டில் கூடுதலாக ஒன்றோ இரண்டோ பட்டை சேர்ப்பார்கள். லோடு ஏறினாலும் வண்டி பின்னால் உட்காரக் கூடாது என்பது கணக்கு. "லிஃப்ட்" என்ற பேச்சே அங்கே கிடையாது, "பட்டை சேத்திருக்கோம்" என்பார்கள். இன்னொன்று, இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளில் முன்னால் காயில் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்தோ, நீளமான ஸ்பிரிங் போட்டோ ஏற்றுவது. பழைய தார் ஜீப்பில் டார்ஷன் பாரை முறுக்கி ஏற்றுவார்கள். வழி எதுவானாலும் வண்டியின் கோணங்கள் மாறத்தான் செய்யும்.

என் மச்சானுடைய வி-கிராஸில் இரண்டுமே இருந்தன. முந்தைய ஓனர் முன்னால் ஸ்பேசர் வைத்து, பின்னால் பட்டையும் சேர்த்து வைத்திருந்தார். உரமூட்டை ஏற்றினால் வண்டி நன்றாகவே போகும். காலியாகத் திரும்பும்போதுதான் தொல்லை. கன்னியக்கோயில் தாண்டி கடலூர் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தால் ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிடும். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று வண்டி அலையும். எதிரே பஸ் வந்து காற்று அடித்தால் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்த வேண்டும். வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நாம்தான் கொண்டுவந்து நேராக்க வேண்டும்.

முதலில் போன கடையில் ஒரு தாள் அடித்துக் கொடுத்தார்கள். டோ பச்சை, கேம்பர் ஒரு பக்கம் சிவப்பு. காஸ்டர் என்ற வரியில் எண்ணே இல்லை, வெறும் கோடு.

"காஸ்டர் பாக்கலையாண்ணே?" என்று மச்சான் கேட்டான்.

"அதுக்கு இந்த வண்டியில அட்ஜஸ்ட்மென்ட் இல்ல தம்பி. டோ கரெக்டா இருந்தா போதும், டயர் தேயாது."

பாதி உண்மை என்பதால்தான் இந்தப் பதிலை நம்பிவிடுகிறோம். டயர் தேய்வதற்கு டோதான் முதல் காரணம். வண்டி நேராக ஓடுவதற்கு மட்டும் டோ போதாது.

மூன்று கோணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சக்கரங்களும் முன்பக்கத்தில் சேர்ந்திருக்கின்றனவா, விரிந்திருக்கின்றனவா என்பது டோ. முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். காஸ்டர் கண்ணுக்கே தெரியாது. சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சு பக்கவாட்டில் பார்க்கும்போது பின்னால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் அது. கையை விட்டு சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் காஸ்டர் தெரியும், பெயர்தான் தெரியாது. சைக்கிளின் முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் தானாக நேர் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சாய்வு குறைந்தால் ஸ்டியரிங் லேசாகும், வண்டி அலையும், திருப்பின ஸ்டியரிங் திரும்பி வராது. மச்சானின் வண்டி காட்டியதெல்லாம் இதே அறிகுறிகள்.

பட்டை சேர்த்ததற்கும் முன்சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. வண்டியின் பின்பக்கம் உயர்ந்தால் மொத்த சேஸியும் மூக்கு தாழ்ந்து சாய்கிறது. சேஸியோடு சேர்ந்து முன்சக்கரத்தின் திரும்பும் அச்சும் முன்னால் சாய்கிறது. சேஸி எத்தனை டிகிரி சாய்கிறதோ, காஸ்டரில் அத்தனை டிகிரி போய்விடும். வி-கிராஸின் வீல்பேஸ் 3,095 மி.மீ. பின்பக்கம் மட்டும் 54 மி.மீ. உயர்ந்தால் சரியாக ஒரு டிகிரி. அதாவது இரண்டு அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி காஸ்டர் கரைகிறது. ஒரு டிகிரிதானே என்று நினைக்க வேண்டாம். கம்பெனி கொடுத்திருப்பதே இரண்டு, மூன்று டிகிரி என்றால், மூன்றில் ஒரு பங்கோ பாதியோ பட்டறையில் போய்விடுகிறது. வீல்பேஸ் குறைவான வண்டியில் அதே இரண்டு அங்குலம் இன்னும் அதிகமாகக் கெடுக்கும்.

லோடு ஏற்றினால் பின்பக்கம் இறங்குகிறது, போன காஸ்டர் திரும்பி வருகிறது. மச்சானின் வண்டி உரமூட்டையோடு நன்றாகப் போய், காலியாக வரும்போது அலைந்ததற்கு இதுதான் காரணம். மண்டிக்குப் போகும்போது ஒழுங்காகப் போகிற வண்டி திரும்பும்போது ஏன் ஆட்டம் போடுகிறது என்று நம்மூர் டிரைவர்கள் பல பேர் கேட்டு நானே கேட்டிருக்கிறேன். "டயர்ல காத்து பாருங்க" என்பதுதான் வழக்கமான பதில்.

முன்னால் ஸ்பேசர் வைத்தால் வேறு விதமாகக் கெடும். மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டும் சேஸியில் ஓர் இடத்தில் நிலையாக மாட்டியிருக்கின்றன. சேஸி உயரும்போது சக்கரம் தரையிலேயே இருப்பதால், இரண்டு ஆர்மும் கீழ்நோக்கித் தொங்க ஆரம்பிக்கும். இரண்டின் நீளமும் ஒன்றல்ல, மேல் ஆர்ம் குட்டை. அதனால் சக்கரத்தின் சாய்வு மாறும், கேம்பர் கெடும். பெரும்பாலான வண்டிகளில் மேல் பால் ஜாயின்ட் சற்று முன்னுக்கும் வரும், அங்கேயும் காஸ்டர் குறையும். டை ராடின் கோணமும் மாறுவதால் டோ தனியாகக் கெடும். இத்தனையும் மாறிய பிறகு டை ராடை மட்டும் திருகினால் மூன்றில் ஒன்றைத்தான் தொட்டிருக்கிறோம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? நேராக அலைன்மென்ட் கடைக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டு வாசலில் ஒரு டேப்பை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் செலவழியுங்கள்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இடது பக்கம் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரைக்கும் அளவெடுங்கள். வலது பக்கமும் அப்படியே. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் பின் ஆக்சில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பட்டை சேர்க்கும்போது ஸ்பிரிங் கட்டைப் பிரிக்கிறார்கள். பட்டைகளை ஒன்றாகப் பிடிக்கும் சென்டர் போல்டின் தலை ஆக்சில் மேல் இருக்கும் குழியில் சரியாக உட்கார வேண்டும். அது பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாலோ, பழைய சென்டர் போல்ட் அறுந்து, யூ போல்ட்டின் பிடியில் மட்டும் ஆக்சில் நின்றாலோ, பின்சக்கரங்கள் வேறு திசையில் தள்ளும். வண்டி நேராகப் போக ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டிவரும். பின்னால் வருகிறவர் பார்த்தால் வண்டி குறுக்காகப் போவது தெரியும். இந்த நிலையில் முன்சக்கரத்துக்கு எந்த மெஷினில் அலைன்மென்ட் பார்த்தும் பிரயோஜனமில்லை. பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் அலைன்மென்ட் கடைக்காரர் திருகிச் சரிசெய்ய அங்கே ஒன்றும் கிடையாது. ஸ்பிரிங் பட்டறைக்குத்தான் திரும்பப் போக வேண்டும்.

லாரிக்காரர்கள் நூல் பிடித்துப் பார்ப்பார்கள். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இழுத்துக் கட்டின நூல் எந்த டயரில் தொடுகிறது, எதில் இடைவெளி விடுகிறது என்பதைப் பார்த்தே ஆக்சிலின் கோணலைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் கேம்பரும் ஓரளவு தெரியும். காஸ்டருக்கு மட்டும் இந்த நாட்டு வழிகள் உதவாது. அதற்கு டர்ன் பிளேட் மேல் சக்கரத்தை வைத்து இடமும் வலமும் திருப்பி அளக்க வேண்டும். பல கடைகளில் காஸ்டர் வரி வெறுமையாக இருப்பதற்குக் காரணமே அந்தத் திருப்புதலைச் செய்வதில்லை என்பதுதான். கூடுதலாகச் சில நிமிட வேலை, அவ்வளவுதான்.

டயரையும் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் முகத்தில் வைத்து வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக ஒரு முறை, உள்ளிருந்து வெளியே ஒரு முறை இழுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி கையில் பிடிப்பதாகவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வழுக்கி, உள்ளிருந்து வெளியே பிடித்தால் சக்கரங்கள் முன்னால் சேர்ந்திருக்கின்றன. தலைகீழாக இருந்தால் விரிந்திருக்கின்றன. ஒரே ஓரம் மட்டும் மொட்டையாகி, ரம்பப் பல் இல்லையென்றால் கேம்பரைச் சந்தேகப்படுங்கள். காஸ்டர் கெட்டால் டயரில் பெரிதாக ஒன்றும் தெரியாது. டயர் நன்றாக இருக்கிறது என்பதால் அலைன்மென்ட் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

டோ கெட்டால் டயர் எவ்வளவு இழுபடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 255/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ. அளவுக்கு மேல் மொத்தம் 3 மி.மீ. டோ சேர்ந்திருந்தால், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய 2 மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது. பாகூரிலிருந்து புதுச்சேரி போய்த் திரும்பினால் சுமார் 40 கிலோமீட்டர், 80 மீட்டர் உரசல். தினமும் இப்படி ஓடினால் புது டயர் எத்தனை நாள் தாங்கும்?

பக்கத்து நெட்டப்பாக்கம் கொம்யூனின் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை டயர் செய்கிறது. வீல் அலைன்மென்ட் மெஷின் செய்கிற மானடெக் நிறுவனமும் புதுச்சேரிதான். டயரும் இங்கே, மெஷினும் இங்கே. அந்த மெஷினின் ஒரு வரியை முழுதாகப் பயன்படுத்தாமல் நம் டயர்களையும் உயிரையும் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மச்சானின் வண்டிக்குக் கடைசியில் வேலை நடந்தது வில்லியனூர் ரோட்டில் ஒரு செட்டில். அங்கிருந்த பெரியவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பே கேட்டது இதுதான்: "பின்னாடி எத்தன பட்ட சேத்திருக்கீங்க தம்பி? வண்டி லோடுல ஓடுறது ஜாஸ்தியா, காலியா ஓடுறது ஜாஸ்தியா?"

இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

அவர் வேலை செய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் காற்று. நான்கிலும் கம்பெனி சொன்ன அளவு. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்தார். பால் ஜாயின்ட், வீல் பேரிங், டை ராடு எண்டு, ஆர்ம் புஷ் எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு டை ராடு எண்டில் ஆட்டம் இருந்தது. "இத மாத்தாம அளவு வச்சா, நீங்க கேட் தாண்டுறதுக்குள்ள மாறிடும்" என்று வண்டியை இறக்கிவிட்டார். உதிரி வாங்கிப் போட்ட பிறகுதான் மறுபடி மேலே ஏற்றினார். பின் யூ போல்ட் நட்டுகளையும் இறுக்கச் சொன்னார். புதுப் பட்டை ஓட ஓட உட்காரும், யூ போல்ட் தளரும். அதனால் ஸ்பிரிங் வேலை முடிந்த அன்றே அலைன்மென்ட் பார்க்காமல், சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, யூ போல்ட்டை மறுபடி இறுக்கி, அப்புறம் வருவதுதான் முறை.

பிறகு கேம் போல்ட். இந்த மாதிரி வண்டிகளில் கீழ் ஆர்ம் சேஸியோடு சேரும் இடத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு போல்ட் இருக்கும். தலையில் மையம் விலகின ஒரு வட்டத்தகடு, அதைச் சுற்றிக் கோடு கோடாக அடையாளம். போல்ட்டைத் திருப்பினால் ஆர்ம் உள்ளேயோ வெளியேயோ நகரும். இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்தினால் கேம்பர் மாறும். ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் நகர்த்தினால் காஸ்டர் மாறும். ஆக, "இந்த வண்டியில அட்ஜஸ்ட்மென்ட் இல்ல" என்று முதல் கடையில் சொன்னது சரியில்லை. பிரச்சினை வேறு. சேற்றுத் தண்ணீரும் கடலோர உப்புக் காற்றும் சேர்ந்து போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. நட்டு கழன்றது, போல்ட் அசையவில்லை. துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டு, தட்டித் தட்டித்தான் கிளப்பினார். ஒன்று வரவே இல்லை, அறுத்தெடுத்துப் புதுப் போல்ட்டும் புஷ்ஷும் போட வேண்டியதாயிற்று. புதுசு போடும்போது போல்ட் உடம்பு முழுக்கக் கிரீஸ் தடவினார். நம் பக்கத்தில் கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறை அலைன்மென்ட் பார்க்கும்போதும் இந்தப் போல்ட்டைக் கொஞ்சம் அசைத்துக் கிரீஸ் போடச் சொல்வது நல்லது.

வரிசை முக்கியம். முதலில் காஸ்டர், அடுத்து கேம்பர், கடைசியில் டோ. முன்னதைத் தொட்டால் பின்னது மாறும் என்பதால் டோவை முதலில் வைத்தால் அந்த வேலை வீண். டோ வைக்கும்போது ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி வைக்க வேண்டும்.

கேம் போல்ட்டைக் கடைசிக் கோடு வரை திருப்பியும் காஸ்டர் கம்பெனி அளவுக்கு வரவில்லை. பெரியவர் ஒளிக்காமல் சொன்னார்: "கேம்பரையும் பாத்துக்கணும், இதுக்கு மேல இழுக்க முடியாது. ஒண்ணு மேல் ஆர்ம மாத்துங்க, இல்ல பின்னாடி சேத்த பட்டைய எடுங்க." காஸ்டரைக் கூட்டித் தருகிற மாதிரி பால் ஜாயின்ட்டைப் பின்தள்ளி அமைத்த மேல் ஆர்ம்கள் சந்தையில் கிடைக்கின்றன. விலை அதிகம். மச்சான் பட்டையை எடுத்துவிட்டான். பின்பக்கம் இறங்கியதும் மெஷினில் காஸ்டர் எண் கூடுவதை நான் கண்ணால் பார்த்தேன். முன்சக்கரத்தை யாரும் தொடவே இல்லை.

முன்னாலும் பட்டை ஸ்பிரிங்கோடு ஒரே ஆக்சிலாக வருகிற வண்டிகளுக்கு இந்தக் கேம் போல்ட் வேலை பொருந்தாது. டாடா ஏஸ் அந்த வகை. அதில் டை ராடு ஒரு முன்சக்கரத்திலிருந்து மற்ற முன்சக்கரத்துக்கு நேராகப் போவதால் ஏற்றினாலும் டோ மாறாது, ஸ்டியரிங் மட்டும் கோணலாகும். கேம்பரைத் திருகிச் சரிசெய்யவும் முடியாது. காஸ்டருக்கு ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி சாய்வுத் தகடு வைப்பார்கள். தகடு வேறு, உயரம் ஏற்றுவதற்கு வைக்கும் இரும்புக் கட்டை வேறு. அந்தக் கட்டையை முன் ஆக்சிலில் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். பிரேக் அடிக்கும்போது ஆக்சில் முறுக்கி, கட்டை நழுவினால் ஸ்டியரிங்கே கையில் இருக்காது.

எந்த நிலையில் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. வண்டி பெரும்பாலும் எப்படி ஓடுகிறதோ அப்படித்தான். டூல் பாக்ஸ், ஸ்டெப்னி, கேரியர் எல்லாம் மாட்டியே இருக்கும் என்றால் அதோடு நிறுத்துங்கள். தினமும் பாதி லோடு ஓடுகிற வண்டி என்றால் நாலு மூட்டை மணலைப் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். இன்னொன்று, நம் ரோடுகள் தண்ணீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். இடது பக்கம் ஓட்டுகிற நமக்கு வண்டி லேசாக இடது பக்கம் இழுப்பது இயல்பு. அதை வைத்து அளவைக் குறை சொல்லாதீர்கள். இழுப்பு அதிகம் என்றால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுக்கிற திசை மாறினால் குற்றம் டயரில்.

அலைன்மென்டைத் தாண்டி ஒன்று. பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து சேஸிக்கு ஒரு சின்னக் கம்பி போகும். லோடு எவ்வளவு என்று பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு அது. பின்பக்கத்தை ஏற்றினால், வண்டியில் இருக்கும் சுமையைவிடக் குறைவாக அந்த வால்வு எடுத்துக்கொள்ளும், பின் பிரேக் குறைந்துவிடும். பட்டை சேர்க்கிறவர்களில் இதைக் கவனிக்கிறவர்கள் மிகவும் குறைவு. உங்கள் வண்டியில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182-ஏ பிரிவு சொல்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்.

என் கருத்து இதுதான். வாய்க்கால் கரைக்காக ஏற்றுகிறோம் என்கிறோம். வி-கிராஸுக்கு கம்பெனியே 225 மி.மீ. உயரம் கொடுத்திருக்கிறது, நம் களத்துமேட்டுக்கும் ஏரிக்கரைக்கும் அது போதும். லோடுக்காகப் பட்டை சேர்க்கிறவர்கள் பட்டையைக் கூட்டுவதை விட்டு லோடைக் குறைக்கலாம். ஏற்றின வண்டியை யாரிடமிருந்தாவது வாங்கியிருந்தால், பழைய உயரத்துக்கு இறக்குவதுதான் அலைன்மென்டுக்கு மிகச் சுலபமான, மலிவான வழி. அப்படி இறக்கிய பிறகும் மூன்று கோணத்தையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.

அதுவரை ஏற்றின வண்டியில்தான் ஓடப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அலைன்மென்ட் கடையில் காசு கொடுப்பதற்கு முன்னால் தாளை வாங்கிப் பாருங்கள். வேலைக்கு முன் எடுத்த அளவு, வேலைக்குப் பின் எடுத்த அளவு இரண்டும் இருக்க வேண்டும். காஸ்டர் வரியில் இரண்டு பக்கமும் எண் இருக்க வேண்டும். இல்லையென்றால், "டர்ன் பிளேட்ல வச்சு காஸ்டர் எடுத்துக் குடுங்கண்ணே" என்று கேளுங்கள். முடியாது என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.